ரியாத், லண்டன், நம் தோட்டம்: மூன்று ஊரையும் ஒரே போன் கோலில் சேர்க்க முழுமையான வழிகாட்டி

அம்மா தேயிலைத் தோட்டத்தில், அக்கா ரியாத்தில், தம்பி லண்டனில். இலங்கை மலையகத்தில் இப்படி மூன்றாகப் பிரிந்து கிடக்கும் வீடுகள் இன்று ஏராளம். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் போனில் பிடிக்க ஆட்கள் படும் பாட்டை ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். நேரக் கணக்கில் தடுமாறுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, அந்த ஊரில் அந்த நேரத்தில் நம் ஆள் என்ன வேலையில் நிற்பார் என்று யோசிக்காமல் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

அதனால் முதலில் மணி, அப்புறம் ஊர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மணி சரியாக அமையாமல் ஊர் நடப்பை யோசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய கலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் வெறுமையாக. ஒரு பேனா. இந்த வருடக் கலண்டர். லண்டனில் இருப்பவரின் வேலை அட்டவணை. அங்கே அதை ரோட்டா என்பார்கள், அதை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். ரியாத்தில் இருப்பவர் வீட்டு வேலையா, சாரதியா, கட்டட வேலையா என்ற விவரமும், எந்த நாள் ஓய்வு என்பதும். இன்னொன்றையும் முதலே கேட்டு வையுங்கள்: அங்கே எந்த ஆப்பில் கோல் போகிறது? சில வளைகுடா நாடுகளில் வட்ஸ்அப்பில் செய்தி போகும், கோல் போகாது. நேரமெல்லாம் பார்த்து முடித்த பிறகு இது தெரியவந்தால் அன்றைய பொழுது வீண்.

1. நம் மணியை முதலில் உறுதிப்படுத்துங்கள்

இலங்கை நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. வருடம் முழுக்க இதுதான். இந்தியாவுக்கும் இதே நேரம் என்பதால், போனில் கொழும்பு கிடைக்காவிட்டால் சென்னையைத் தெரிவு செய்தாலும் பிழையில்லை. சில கணினிகளில் கொழும்பு என்று இருக்காது, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்கும். அதுவும் நம்முடையதுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போனை வீட்டில் பாவிக்கிறவர்கள் பலர். அதில் தானியங்கி நேரம் நிறுத்தப்பட்டிருந்தால் போன் இன்னும் அந்த ஊர் மணியிலேயே ஓடும். ரியாத்திலிருந்து லீவில் வருகிறவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் இதைப் பார்க்காவிட்டால் இரண்டரை மணித்தியாலம் பிந்திய போனை நம்பி பஸ்ஸை விடுவார். சுவர்க் கடிகாரத்தையும் போனையும் ஒத்துப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. ரியாத்தை முதலில் போடுங்கள்

ரியாத் யூடிசியைவிட 3 மணித்தியாலம் முன்னால். நமக்கும் அதற்கும் வித்தியாசம் 2 மணி 30 நிமிடம். சவூதியில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுகிற வழக்கம் இல்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் இதே இரண்டரைதான். மாறாத ஊரை முதலில் எழுதிவிட்டால் பிறகு ஒரே ஒரு ஊரைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.

கூட்டுவதா கழிப்பதா என்பதில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். ரியாத்தும் லண்டனும் நமக்கு மேற்கே. சூரியன் நமக்குத்தான் முதலில் வருகிறது. ஆகவே அவர்கள் மணி எப்போதும் நம் மணியைவிடக் குறைவு. இங்கிருந்து அங்கே கழித்தல், அங்கிருந்து இங்கே கூட்டல்.

அரை மணியை மனதில் கழிப்பது சிரமம் என்றால் இப்படிச் செய்யுங்கள்: மூன்றைக் கழித்துவிட்டு அரை மணியைக் கூட்டுங்கள். இங்கே இரவு 8:10. மூன்றைக் கழித்தால் 5:10, அரையைக் கூட்டினால் 5:40. ரியாத்தில் மாலை 5:40.

3. லண்டனுக்கு இரண்டு எண்கள்

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அண்ணே, லண்டனுக்கு நாலரையா, அஞ்சரையா?" இரண்டும்தான். எப்போது எது என்பதே விஷயம்.

குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு அவர்கள் கடிகாரத்தை 2 மணிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் 4 மணி 30 நிமிடம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணியை மறுபடி 1 மணியாக்குகிறார்கள். வித்தியாசம் திரும்பவும் ஐந்தரை.

2026இல் அந்த இரண்டு நாட்கள் மார்ச் 29, ஒக்டோபர் 25. 2027இல் மார்ச் 28, ஒக்டோபர் 31. இரண்டு மாற்றமும் நடக்கும்போது நம் மணி ஞாயிறு காலை 6:30. அதாவது அந்த ஞாயிறு நீங்கள் காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் லண்டன் மாறியிருக்கும், அன்று மத்தியானம் எடுக்கும் கோலுக்கே புதிய எண்தான்.

கழிக்கும் முறை அதேதான். குளிர்காலத்தில் ஆறைக் கழித்து அரையைக் கூட்டுங்கள். கோடையில் ஐந்தைக் கழித்து அரையைக் கூட்டுங்கள்.

முள் வைத்த கைக்கடிகாரம் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதைத் தலைகீழாகப் பிடித்து, எழுத்தைப் பார்க்காமல் முள் நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள். இங்கே 8 மணி என்றால் தலைகீழாக 2:30 காட்டும். குளிர்கால லண்டன் மணி அதுதான். கோடையில் அதோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட இதை ஒருமுறை காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள்.

ரியாத்துக்கும் லண்டனுக்கும் இடையில் குளிர்காலத்தில் 3 மணித்தியாலம், கோடையில் 2. அக்காவும் தம்பியும் நம்மை விட்டுத் தனியே பேசிக்கொள்ளும்போது அவர்களுக்கு இது தேவைப்படும். அரை மணித் தொல்லை நமக்கு மட்டும்தான்.

4. மணியோடு கிழமையையும் எழுதுங்கள்

நம் நள்ளிரவு 12 முதல் 2:30 வரை ரியாத்தில் இன்னும் முந்திய நாள். லண்டனில் நம் அதிகாலை 5:30 வரை, கோடையில் 4:30 வரை, முந்திய நாள்தான்.

"திங்கள் ராத்திரி ஒரு மணிக்கு எடு" என்று தம்பிக்குச் சொன்னால் அவருக்கு எது விளங்கும்? நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி என்பது குளிர்கால லண்டனில் ஞாயிறு மாலை 7:30. அவர் திங்கள் மாலை வரை காத்திருந்து எடுப்பார், இங்கே செவ்வாய் பிறந்திருக்கும். "ராத்திரி 12 மணி" என்பதும் அப்படித்தான். எந்த நாளின் பன்னிரண்டு என்று சண்டையே வரும். செய்தி அனுப்பும்போது மூன்று ஊரின் மணியையும் கிழமையையும் சேர்த்து அனுப்புங்கள்: "ஞாயிறு. நமக்குப் பகல் 2, அக்காவுக்கு 11:30, உனக்குக் காலை 8:30." இது போதும்.

பிறந்தநாள் வாழ்த்துக்கும் இதே கணக்கு. லண்டனில் சரியாக நள்ளிரவு 12க்கு வாழ்த்த வேண்டுமென்றால் ஜனவரியில் நாம் காலை 5:30க்கும், ஜூனில் 4:30க்கும் எழும்ப வேண்டும்.

5. கலண்டர் தாளில் நாலு வரி

இப்போது பேனாவை எடுங்கள். தாளை அகலவாட்டில் வைத்து நம் மணியைப் பகல் 1:30இல் தொடங்கி எழுதுங்கள். இருபத்து நான்கு மணித்தியாலத்தையும் எழுதத் தேவையில்லை. நம் காலை 9 மணி லண்டனில் விடிகாலை 3:30 அல்லது 4:30. ஆகவே காலைப் பொழுது முழுதாக அடிபட்டுப் போகும்.

அரையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அப்போது மற்ற இரண்டு ஊரும் முழு மணியில் வந்து நிற்கும்.

நாம்: 1:30 – 3:30 – 5:30 – 7:30 – 9:30
ரியாத்: 11 – 1 – 3 – 5 – 7
லண்டன், குளிர்: 8 – 10 – 12 – 2 – 4
லண்டன், கோடை: 9 – 11 – 1 – 3 – 5

ரியாத் வரியில் முதலில் வருவது மட்டும் காலை. லண்டனில் 12க்கு முந்தியவை காலை. இதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத தாளைப் பார்த்து ரியாத்தில் 5 என்றால் விடியற்காலை ஐந்து என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கணக்கு இத்துடன் முடிந்தது. இனி ஒவ்வொரு ஊரின் நாளும் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, ஆகாத இடங்களை இதே தாளில் கோடு போட்டு அடிக்க வேண்டும்.

6. ரியாத்தில் விடுமுறை என்றால் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு என்று அர்த்தமில்லை

சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. 2013இல் இப்படி மாற்றினார்கள். அதற்கு முன் வியாழனும் வெள்ளியும். ஞாயிறு அங்கே வாரத்தின் முதல் வேலை நாள்.

இதைக் கேட்டதும் பலர் "அப்போ வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு" என்று வெள்ளி மத்தியானமாகப் பார்த்துக் கோல் எடுக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர் என்றால் சரி. வீட்டு வேலையில் இருப்பவருக்கு வெள்ளிதான் கனத்த நாள். ஜும்ஆ தொழுகை முடிந்து குடும்பம் மொத்தமும் சாப்பாட்டுக்குக் கூடும், உறவினர் வருவார்கள், பாத்திரம் குவியும். ஞாயிறு முற்பகல் எதிர்மாறு: பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரர் வேலையில். 10 மணிக்கும் 12க்கும் இடையில் வீடு அமைதியாக இருக்கும். நம் மணியில் அது பகல் 12:30 முதல் 2:30 வரை.

சாரதியாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கும் நேரங்களை அடித்துவிடுங்கள். மாலையில் வீட்டுக்காரர்கள் கடைத்தெருவுக்குப் போனால் சாரதி வண்டியில் தனியே காத்திருப்பார். ரியாத்தில் கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் பல சாரதிமார் வீட்டுக்குப் பேசுகிறார்கள். இங்கே அது இரவு பத்தைத் தாண்டிவிடலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. நம் மணியில் 2:30 முதல் 5:30. அந்த நேரம் ஆள் வேலையில் இல்லை என்பது உறுதி. ஆனால் விடிய முன் எழும்பியவர் அப்போது தூங்கலாம். எடுக்க முன் ஒரு செய்தி போடுங்கள்.

தொழுகை நேரங்கள் ஐந்தும் சூரியனைப் பார்த்து மாறுபவை. மாலைத் தொழுகை சூரியன் மறைந்ததும். ரியாத்தில் டிசம்பரில் 5 மணி தாண்டியதும் சூரியன் மறைகிறது, ஜூனில் ஆறே முக்காலளவில். ஆகவே நம் மணியில் 7:30க்கு எடுக்கும் கோல் கோடையில் தொந்தரவில்லாமல் போகும், குளிர்காலத்தில் வீட்டுக்காரர் தொழுது, தேநீர் கேட்கும் நேரத்தில் போய் விழும். மணி ஒன்றுதான், வேலை வேறு.

7. நோன்பு மாதத்துக்குத் தனித் தாள்

ரமழானில் ரியாத்தின் பகலும் இரவும் இடம் மாறிவிடும். சவூதித் தொழிற்சட்டம் முஸ்லிம் தொழிலாளருக்கு அந்த மாதம் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது என்கிறது. வீடுகள் இரவெல்லாம் விழித்திருக்கும், காலையில் பிந்தி எழும்பும்.

அடுப்படியில் நிற்பவருக்குப் பிற்பகல் 3 மணியிலிருந்து நோன்பு திறக்கும் வரை மூச்சுவிட நேரமிராது. அந்த நேரம் நம் மணியில் 5:30 முதல் எட்டு, எட்டரை வரை. நம் வீடுகளில் எல்லோரும் போனைக் கையில் எடுக்கிற அதே பொழுது. "அக்கா முந்தி மாதிரி இல்ல, போனே எடுக்கிறதில்ல" என்று இங்கே முகம் சுருங்கும். அங்கே அவர் கையில் மா ஒட்டியிருக்கும்.

நோன்பு மாதத்தில் ரியாத் முற்பகல் 10 முதல் 12 வரை கேட்டுப் பாருங்கள். விடியமுன் சாப்பாட்டுக்கு எழும்பியவர் அதன் பிறகு தூங்கியிருப்பார் என்பதால் அதற்கு முன் வேண்டாம். ரமழான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முந்தி வரும். ஆகவே போன வருடத் தாளை இந்த வருடம் அப்படியே பாவிக்க முடியாது.

8. லண்டனில் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், ரோட்டாவை நம்புங்கள்

நமக்கு வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடிவதும் இருட்டுவதும். லண்டனில் ஜூன் கடைசியில் இரவு 9:20க்குத்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும், காலை 8 மணிக்குத்தான் விடியும்.

வீடியோ கோலில் இது நன்றாகவே ஏமாற்றும். டிசம்பரில் இங்கே இரவு 9:45. தம்பியின் ஜன்னலுக்குப் பின்னால் இருட்டுகிறது. "நேரமாச்சு, சாப்பிட்டுப் படுய்யா" என்கிறார் அம்மா. அவருக்குப் பிற்பகல் 4:15, இன்னும் பாதி வேலை கிடக்கிறது. ஜூனில் நேர்மாறு: வெயில் அடிக்கிறதே என்று பேசிக்கொண்டே போனால், விடியற்காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவரின் தூக்கம் கெடும்.

அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு. ஆனால் நம் பிள்ளைகள் பலர் முதியோர் இல்லங்களிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறை ரோட்டாவில்தான் இருக்கிறது. முதியோர் இல்லங்களில் காலை 8 முதல் இரவு 8 வரை என்று 12 மணித்தியால ஷிப்ட் சாதாரணம். இரவு ஷிப்ட் பார்ப்பவர் காலை 9:30 முதல் மாலை வரை தூங்குவார். குளிர்காலத்தில் அது நம் பிற்பகல் 3 முதல் இரவு 9:30 வரை. "சாயங்காலம்தானே எடுக்கிறோம்" என்று நாம் நினைக்கிறோம், அவருக்கு அது நடுச்சாமம். அப்படிப்பட்டவரை ஷிப்ட் முடிந்து படுக்கப் போகும் முன், காலை 8:30க்குப் பிடிக்க வேண்டும். நமக்குக் குளிர்காலத்தில் பகல் 2, கோடையில் 1.

பெரிய கடைகளில் வேலை செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தில் ஞாயிறன்று பெரிய கடைகள் 6 மணித்தியாலம்தான் திறக்கலாம், அதுவும் காலை 10க்கும் மாலை 6க்கும் இடையில். ஆகவே ஞாயிறு காலை பெரும்பாலும் அவசரமிருக்காது. டிசம்பர் 25 அன்று லண்டனில் ரயிலும் பஸ்ஸும் ஓடாது; வேலை இல்லாதவர்கள் அன்று வீட்டில்தான்.

9. நம் பக்கத்து நாளையும் அடியுங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை. நாம் எப்போதும் இங்கேயே இருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்ற நினைப்பு.

வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் காலையில் போகும் அம்மா, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர மாலை ஐந்து தாண்டும். தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் முடிந்து கை காய ஏழு. ஒன்பதுக்குப் படுத்தால்தான் விடியற்காலை எழும்ப முடியும். வார நாளில் கிடைப்பது இரண்டே மணித்தியாலம். ஞாயிறு இருக்கிறது, ஆனால் கொழுந்து கூடும் காலத்தில் ஞாயிறும் கைகாசுக்கு மலைக்குப் போவார்கள். பௌர்ணமிப் போயா தினம் நமக்கு விடுமுறை, ரியாத்திலும் லண்டனிலும் சாதாரண நாள்.

அப்புறம் சிக்னல். லயத்து வீட்டுக்குள் ஒரு கோடு காட்டி அதுவும் மறைந்துபோகும். கோயிலுக்கு மேலே, தேயிலை வரிசை முடிகிற இடத்தில் உள்ள கல்லில் ஏறினால் மூன்று கோடு வரும். எல்லாத் தோட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்வர வேண்டுமென்றால் ஆறரைக்குப் பிறகு வேண்டாம். இருட்டு, அட்டை, மழை ஒருபக்கம், சிறுத்தை நடமாட்டம் இன்னொரு பக்கம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாதவர்கள் தாளில் 6:30க்குப் பிறகு உள்ளதை முழுவதுமாக அடித்துவிட்டு, மிஞ்சுவதில் தேடுங்கள். இரவு நேரத்தை வைத்துக்கொண்டு அம்மாவை மலையேற்றுவதைவிட வாரம் ஒரு கோல் போதும் என்று விடுவது நல்லது.

10. மிஞ்சியதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

மூன்று ஊரின் வரிகளையும் அடித்த பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு மிஞ்சுவது ஞாயிறு பகல் 1:30க்கும் 3:30க்கும் இடையில் ஒரு துண்டு. ரியாத்தில் முற்பகல் 11 முதல் 1 வரை. லண்டனில் காலை 8 அல்லது 9 முதல். வார நாளில் மூன்று பேரையும் சேர்க்கப் பாடுபட வேண்டாம். இரண்டு பேர் பேசும் கோல்களாகப் பிரித்துவிடுங்கள்.

மார்ச்சிலும் ஒக்டோபரிலும் லண்டன் மாறும்போது யார் நகர்வது என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நம் மணியும் ரியாத் மணியும் ஒன்றாகவே நிற்கும், லண்டன் மட்டும் நகரும். நம் 2 மணியை அப்படியே வைத்தால் தம்பிக்கு ஒக்டோபருக்குப் பிறகு காலை 9:30 என்பது 8:30 ஆகும். அவருடைய ஷிப்ட் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நாமும் அக்காவும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் தள்ளிப் போக வேண்டும். இரண்டு பேர் நகர்வதைவிட ஒருவர் நகர்வது சுலபம் என்பதால் நான் எப்போதும் தம்பியை நகரச் சொல்வேன். ஆனால் வீட்டு வேலையில் இருப்பவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். அவருக்கு நேரம் அவர் கையில் இல்லை.

கூடவே ஒரு மாற்று நேரமும் வேண்டும். முதல் கோல் தவறினால் அரை மணி கழித்து ஒருமுறை, அதுவும் தவறினால் அடுத்த வாரம். இல்லாவிட்டால் மூன்று ஊரிலும் மூன்று பேர் மாறி மாறி எடுத்துக்கொண்டே இருப்பார்கள், எல்லோருக்கும் லைன் பிஸி.

11. போனில் போடுவது

கடிகார ஆப்பைத் திறந்து உலகக் கடிகாரத்தில் கூட்டல் குறியை அழுத்தி ரியாத்தையும் லண்டனையும் சேருங்கள். லண்டன் என்று தேடினால் இரண்டு வரலாம். ஒன்று கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளது. அதைத் தொட்டுவிட்டால் ஐந்து மணித்தியாலம் பிசகும். நாட்டின் பெயரைப் பார்த்துத் தொடுங்கள்.

ஊர்ப் பெயருக்குப் பதில் ஜிஎம்டி என்று இருப்பதைச் சேர்க்க வேண்டாம். ஜிஎம்டி கோடையிலும் நகராது, லண்டன் நகரும். ஏழு மாதம் பிழை மணி காட்டும்.

அலாரம் நம் மணியில் மட்டும் அடிக்கும். லண்டன் ஆளின் மணியை நிலையாக வைத்திருந்தால், அலாரத்தை விட்டுவிட்டு, போன் கலண்டரில் லண்டன் நேர வலயத்தைத் தெரிவு செய்து வாராவாரம் வரும்படி போடுங்கள். கடைசி ஞாயிறுகளில் அது தானாக நகர்ந்துவிடும். போனின் மணியைக் கையால் ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். மற்ற எல்லாமே குழம்பும்.

ரீலோட்டை முந்திய நாளே போட்டு வையுங்கள். ஞாயிறு மத்தியானம் கடை பூட்டியிருக்கும்.

12. பண்டிகை நாள் கணக்கு

தைப்பொங்கலுக்கு லண்டன் எப்போதும் ஐந்தரை. சித்திரைப் புத்தாண்டுக்கு எப்போதும் நாலரை. தொல்லை தருவது தீபாவளி. 2025இல் அது ஒக்டோபர் 20, லண்டன் 26இல்தான் மாறியது, ஆகவே நாலரை. 2026இல் நவம்பர் 8, அதனால் ஐந்தரை. போன தீபாவளிக்கு எடுத்த அதே மணிக்கு எடுத்தால் அவர் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டியிருக்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு காலை 6க்கு எடுக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அப்போது ரியாத்தில் அதிகாலை 3:30, லண்டனில் நள்ளிரவு தாண்டிய நேரம். படத்தைக் காலையில் அனுப்பிவிட்டு, கோலை மத்தியானத்துக்கு வையுங்கள்.

13. அலுவலகத்துக்கு எடுப்பதென்றால்

வீட்டுக் கோலுக்குப் போட்ட தாள் இதற்கு உதவாது. நம் அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி, லண்டனும் அப்படியே, ரியாத் ஞாயிறு முதல் வியாழன். மூன்றுக்கும் பொதுவானது திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள்தான். ரியாத்தில் காலை 8 மணி நமக்கு 10:30. லண்டனில் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் 2:30, கோடையில் 1:30. சம்பளம், பாஸ்போர்ட் போன்ற அவசர விஷயத்தை வியாழன் பின்னேரம் வரை இழுத்தால் ரியாத்தில் பதில் சொல்ல ஞாயிறு வரை ஆளிருக்காது.

14. வேறு தலைநகரங்களுக்கு

குவைத், தோஹா, மனாமா, அம்மான் நான்கும் ரியாத்தைப் போலவே இரண்டரை. அபுதாபிக்கும் மஸ்கட்டுக்கும் ஒன்றரை. அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். ஆகவே ரியாத்தின் கிழமைக் கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள். சைப்பிரஸின் நிக்கோசியா குளிர்காலத்தில் மூன்றரை, கோடையில் இரண்டரை. லண்டன் மாறும் அதே நேரத்தில் அதுவும் மாறும். பாரிஸும் ரோமும் அப்படித்தான், நாலரையும் மூன்றரையும்.

கனடாவின் ஒட்டாவா வேறு நாளில் மாறும்: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. லண்டனையும் ஒட்டாவாவையும் ஒரே கோலில் சேர்க்கிறவர்கள் மார்ச்சில் வருகிற இரண்டு மூன்று வாரங்களையும் ஒக்டோபர் கடைசியில் வருகிற ஒரு வாரத்தையும் மட்டும் தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

கன்பரா நமக்குக் கிழக்கே. அதற்குக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். அவர்களுடைய கோடை நேரம் நம் ஒக்டோபரில் தொடங்குகிறது: ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை, மற்ற மாதங்களில் நாலரை. லண்டன் ஒரு பக்கமும் கன்பரா மறுபக்கமும் இருக்கிற வீடுகளுக்கு நம் பகல் 1:30தான் தொடக்கம். கன்பராவில் அப்போது மாலை 6 அல்லது 7, லண்டனில் காலை 8 அல்லது 9.